ஒன்பதாவது அர்த்தம்

குடியிருப்பில் எல்லோரும் அவரை ‘அகராதி’ என்றுதான் அழைத்தார்கள். சொல்லுக்குப் பொருள் சொல்லும் புத்தகம் என்று எண்ணி அவர் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். அகராதி பிடித்த மனுஷன் என்று எண்ணி அவர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் திருப்தி. இப்படி அமைவது அபூர்வம்.

குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டு எழுத்தர் வேலை. ஓய்வுக்குப் பிறகு மூன்றாம் மாடி ஜன்னலோரம் மேசையைப் போட்டுக்கொண்டு ஆங்கிலக் கூட்டுவினைகளைச் சேகரித்தார். சாதுவான ஒரு வினைச்சொல்லின் வாலில் ‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’ என்று ஒரு துண்டைக் கட்டிவிட்டால் அது வேறு பிராணியாகி விடுகிறது என்பார். நீல அட்டை நோட்டில் ஒவ்வொன்றுக்கும் தமிழில் உச்சரிப்பு, பொருள், இணைச்சொல். அக்கம்பக்கத்தில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் வரும்.

அவருடைய செல்லம் ‘புட் டவுன்’. பதினோரு அர்த்தம். கீழே வைப்பது முதலாவது. எழுதிக்கொள்வது, கலகத்தை அடக்குவது, பட்டியலில் பெயர் சேர்ப்பது என்று அது வளர்ந்துகொண்டே போகும். ஐந்தாவது, மட்டம் தட்டுவது. அதற்கு எடுத்துக்காட்டு தேடி அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டியதில்லை. அடுக்களையில் மனைவி இருந்தார்.

“உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது? நோட்டைத் தூசி தட்டு, அது போதும்.”

அந்த அம்மாள் தட்டுவார். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் என்பது கணவருக்கு மறந்து வெகுகாலமாகியிருந்தது.

பிள்ளையில்லாத வீடு. பதினோரு வயதான நாய் ஒன்று இருந்தது. கணவர் பெரியவர், நாய் சின்னவர். “சின்னவர் சாப்பிட்டார், நீங்களும் வந்தா நல்லது” என்பார் அம்மாள். சின்னவருக்கு அடுக்களை மூலையில் அலுமினியத் தட்டு, பெரியவருக்கு மேசை.

ஒரு வியாழக்கிழமை சின்னவர் பெரியவருடைய காலுறை ஒன்றை விழுங்கிவிட்டார். வயிறு உப்பி, எழுந்திருக்க முடியவில்லை. கீழ்வீட்டு வேன்காரர் வண்டியெடுத்தார். மூவருமாகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மருத்துவர் புதிதாக வந்தவர், தமிழ் தெரியாதவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: ஆபரேஷன் செய்து காலுறையை எடுக்கலாம், வயதான உடம்பு, பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது வேண்டாமென்றால் இன்றைக்கே ‘புட் ஹிம் டவுன்’.

பெரியவருடைய ஆங்கிலம் கண்ணுக்குப் பழகியது, காதுக்கு அல்ல. ‘ஆபரேஷன்’, ‘டுடே’, ‘புட் ஹிம் டவுன்’ மூன்றும் தங்கின, மற்றவை சரசரவென்று கடந்து போயின. அவருக்கு முகம் மலர்ந்தது. நாலாவது அர்த்தம்: ஆபரேஷன் பட்டியலில் பெயர் சேர்க்கட்டுமா என்கிறார்!

“புட் ஹிம் டவுன், டாக்டர். புட் ஹிம் டவுன் டுடே.”

மருத்துவர் ஒரு கணம் பார்த்தார். “ஷூர்?”

“வெரி ஷூர்.”

ஒரு படிவம் வந்தது. பெரியவர் கையெழுத்துப் போட்டார். போட்டபிறகு, பழக்கதோஷத்தில், எழுத்துப்பிழை உண்டா என்று மேலிருந்து படித்தார். பிழை ஒன்றும் இல்லை. தலைப்பில் கிரேக்கத்திலிருந்து வந்த நீளமான சொல் ஒன்று இருந்தது. பொருள், கருணைக்கொலை. ஒன்பதாவது அர்த்தம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மருத்துவர் மருந்துக் குப்பியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘நோ’ என்று ஒரே ஒரு சொல் போதும். அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“சார் இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கிட்டாரு!” என்றார் வேன்காரர். “டாக்டரே அசந்துட்டாரு பாத்தீங்களாக்கா?”

“என்னங்க சொன்னாரு?” என்றார் அம்மாள். “பொழச்சிடுமா?”

பெரியவர் படிவத்தை மருத்துவரிடம் நீட்டினார். “ஆபரேஷனுக்கு முன்னாடி தூங்க வைக்கிறாங்க. நீ தலையைப் பிடிச்சுக்கோ.”

அம்மாள் பிடித்துக்கொண்டார். “ஒண்ணுமில்லடா ராசா, எழுந்ததும் வீட்டுக்குப் போயிடலாம்.” சின்னவர் அந்தக் கையை ஒருமுறை நக்கினார். ஊசி இறங்கியது. சற்றுப் பொறுத்து மருத்துவர் தலையைத் தாழ்த்தி “சாரி” என்றார். அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

“இதயம் தாங்கல” என்றார் பெரியவர்.

திரும்பும் வழியெல்லாம் வேன்காரர் அவருடைய ஆங்கிலத்தைத்தான் புகழ்ந்துகொண்டு வந்தார். பெரியவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாள் அழவில்லை. நேரே மேசைக்குப் போய் நீல நோட்டை எடுத்தார். காலையில் அந்த அறையில் மூன்றுமுறை காதில் விழுந்த சொல்லை உச்சரிப்பு வரிசையில் விரல் வைத்துத் தேடினார். கிடைத்தது. பெரியவருடைய அழகான கையெழுத்தில், சிவப்பு மையால் அடிக்கோடிட்டு: ‘9. நோயுற்ற விலங்கை வலியின்றிக் கொல்லுதல்.’

“இதுவா?”

பெரியவர் நோட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “நாலாவதுன்னு நினைச்சேன்.”

“அப்புறம் தெரிஞ்சுதா?”

பெரியவர் பேனாவின் மூடியைத் திருகி இறுக்கினார்.

“நான் தலையைப் பிடிச்சப்ப தெரியுமா?”

இதுவரை அவர் பொருள் சொல்லாமல் விட்ட கேள்விகள் இந்த இரண்டுதான்.

“நம்ம ‘போடு’க்கும் நிறைய அர்த்தம் இருக்குங்க” என்றார் அம்மாள். “நீங்க கையெழுத்துப் போட்டீங்க. அவரு ஊசி போட்டாரு. ரெண்டு பேருமாச் சேந்து அதைப் போட்டுட்டீங்க.”

“கடைசியா சொன்னது கொச்சை” என்றார் பெரியவர். வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. “அகராதியில வராது.”

அம்மாள் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார். பிறகு அடுக்களைக்குள் போனார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பாடு தயாராக இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. சுடச்சுட இருந்தது, உப்பும் சரியாக இருந்தது. மேசைமேல் ஒன்றும் இல்லை. அடுக்களை மூலையில், தரையில், கழுவித் துடைத்த அலுமினியத் தட்டில் அம்மாள் அதைப் பரிமாறிக் கீழே வைத்தார். சொல்லின் முதல் அர்த்தம் அதுதான்.

“பெரியவர் சாப்பிடலாம்” என்றார்.

பெரியவருக்குப் பசி. மேசையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.