தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை

தொண்ணூறுகளில் ஒருநாள், சூலூரிலிருந்து கோவைக்கு வந்த பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள். மடியில் மூன்று வயது மகள். அவளிடம் அவர் பேசவே இல்லை. குழந்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் புருவத்தைத் தூக்குவார். கை உள்ளே வந்துவிடும். உதட்டை மட்டும் அசைப்பார், குழந்தை சிரிக்கும்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் நான்கு வயது மகன் சீட்டின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். கிளம்பியதிலிருந்து கத்திக்கொண்டே வந்தவள், "உக்காருடா" என்று அடித்தொண்டையிலிருந்து இன்னொரு முறை கத்தினேன். அந்தக் குழந்தை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது.

"கத்திப்போட்டேனுங்க. பயந்துக்கிச்சாட்ட இருக்குது" என்றேன்.

"சத்தத்துக்கெல்லாம் பயப்படாதுங்க்கா. ஊட்டுக்குள்ளயே தறி ஓடுதுங்க. அதுக்கு நடுவுலதான் தூங்கும். அங்க பேசுனா ஆருக்குக் கேக்குது? மூஞ்சியப் பாத்தே பழகிருச்சு." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்க அழுவுது."

சொன்ன சங்கடத்தில் மகளின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

மூன்று வயதிலேயே எல்லார் முகத்தையும் கவனித்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தை சமர்த்தா, பாவமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்று என் மகனைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் குதித்துக்கொண்டிருந்தான். நான் கத்தியதற்கு அவன் திரும்பக்கூட இல்லை. அவனும் தறிச் சத்தத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தான்.