விரத நாளின் ஜவ்வரிசி

தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்ததை இரண்டு வருடமாகப் புடவைக்குள் மறைத்து வைத்திருந்தேன். இருமினால் வெளியே வரும், மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பார்த்த டாக்டரம்மாவுக்கு வயது என் மகளைவிட ஏழெட்டுதான் கூட இருக்கும். அமுக்கிப் பார்த்துவிட்டு, இது குடலிறக்கம், ஆபரேஷன்தான் வழி என்றார். அன்றைக்கே படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்து மாற்றுப் புடவைகூட எடுத்துப் போயிருந்தேன். அவரோ என்னை எடை மிஷினில் ஏறச் சொன்னார். எண்பத்தாறு கிலோ. ரத்தத்தில் சர்க்கரையும் ஏறிக் கிடந்தது.

"இந்த எடையில, இந்தச் சர்க்கரையில தையல் போட்டா ஆறாதும்மா. விட்டுப்போய் மறுபடியும் இறங்கிடும். மூணு மாசத்துல எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, தேதி தர்றேன்" என்றார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். புடைப்பு கல்லைப் போல இறுகி, படுத்தும் உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் ஒரு நிமிஷம் வீட்டில் இருக்கக் கூடாது, குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார். குடம் தூக்கவே கூடாது என்றார். நான் தலையை ஆட்டினேன். என் காதில் எட்டு கிலோ என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன சாப்பிட வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார்கள். முட்டை, பயறு, கீரை, பழம், சோறு கொஞ்சம், கிழங்கு கூடாது என்று இருந்தது. புதுச்சத்திரம் வரும் வரைக்கும் பஸ்ஸில் அதையே படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் அரிசி ரேஷனில் சும்மா வருகிறது. அதனால் காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி மிச்சச் சோறு. அரிசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே காசு. பக்கத்தில் இருக்கும் ஜவ்வரிசி மில்லில் வீட்டுக்காரருக்கு வாரக் கூலி. மகள் காலேஜில் படிக்கிறாள். தாளில் இருந்ததை வாங்கிச் சமைத்தால் வாரத்தில் நாலு நாள்தான் அடுப்பெரியும்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கையில் மஞ்சள் துணி கட்டி, ஒரு மண்டலம் விரதம் என்று வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாளும் வீட்டில் கவுச்சி கிடையாது. முட்டையும் கவுச்சிதான். செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் சோற்றைத் தொடுவதில்லை. தாயே, நான் வாயைக் கட்டுகிறேன், நீ எடையைக் குறைத்துக் கொடு என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் விரதம் என்றால் சோறு கூடாது, அவ்வளவுதான். பலகாரம் சாப்பிடலாம். மில்லில் ஆள்களுக்கு உடைந்த ஜவ்வரிசியை மலிவாகக் கொடுப்பார்கள். வீட்டில் எப்போதும் ஒரு பை இருக்கும். ஆகவே மூன்று நாளும் காலையில் ஜவ்வரிசி உப்புமா, சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு ஜவ்வரிசிக் கஞ்சியில் பாலும் கொஞ்சம் வெல்லமும். பகலெல்லாம் வயிறு காய்வதால் தட்டு நிறையத்தான் சாப்பிட்டேன். சோறு சாப்பிடாததால் பட்டினி கிடக்கிறேன் என்றே நினைத்தேன். கண்ணாடியில் கன்னம் வற்றியதுபோலக்கூடத் தெரிந்தது.

ஒரு மாதம் ஆவதற்குள் எடை பார்த்துவிட ஆசை. மில் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசுக்கு வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப் போனார். வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இன்னைக்கு லோடு ஒரே மூட்டைதானுங்களா?" என்றார். நானும் சிரித்துக்கொண்டேதான் ஏறினேன். சிவப்பு எழுத்தில் எண்பத்தேழரை என்று வந்தது. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். அதேதான். மூட்டையைத் தூக்கிப் போட்டுப் போட்டுத் தராசு கெட்டுவிட்டது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரித் தராசும் அதையே சொன்னது. சர்க்கரையும் ஏறியிருந்தது. அங்கே இருந்த நர்ஸம்மா என்னைத் தனியாக உட்கார வைத்து, என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். கிழங்கு வகையைக் கண்ணாலும் பார்ப்பதில்லை, மாத்திரை தவறுவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்கக்கா."

"நேத்து விரதமுங்க. ஒண்ணும் சாப்பிடலீங்க."

"ஒண்ணுமேவா?"

"ஜவ்வரிசி உப்புமாதானுங்க. பொழுது எறங்கிக் கொஞ்சம் கஞ்சி."

"ஜவ்வரிசி எதுல செய்யறாங்க?"

இருபது வருடமாக என் வீட்டுக்காரர் குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, அந்த மாவைக் காய வைக்கிற வேலையில்தான் இருக்கிறார். அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் கிழங்கு வாசம் அடிக்கும்.

"கெழங்கு ஆவாதுன்னு சொன்னா கேட்டுக்கறீங்க. அதையே உருட்டி வெள்ளையாக் குடுத்தா விரதம்னு ரெண்டு தட்டுத் திங்கறீங்க. எல்லாம் மாவுதானுங்கக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டரம்மா, இன்னும் இரண்டு மாதம்தான், இப்படியே போனால் என்னால் கத்தி வைக்க முடியாது, இது மாட்டிக்கொள்கிற நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை. முதலில் விரதத்தை விடு, நாளையிலிருந்து முட்டை சாப்பிடு என்றார். எங்கள் பக்கத்தில் திரும்பின இடமெல்லாம் கோழிப்பண்ணை. பயறை விட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகிற சத்து முட்டைதான். எனக்கும் தெரியும். ஆனால் கட்டின துணியைப் பாதியில் அவிழ்ப்பதா? வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால்?

"சாமி குத்தம் ஆயிருமுங்க" என்றேன்.

"அது மாட்டிக்கிச்சுன்னா சாமியா வந்து உன்னைத் தூக்கிட்டுப் போவுது? நாந்தான் தூக்கோணும். எம்பத்தேழரைக் கிலோ." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் அம்மனிடமே பூப்போட்டுக் கேட்பது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை பூசாரி ஒரு தாளில் வெள்ளை அரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் விரதத்துக்கு நடுவிலேயே முட்டை சாப்பிட உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்கலாம் என்றார். தாய் ஒரு தடவை சொன்னால் போதும் என்று நான் எழுந்துவிட்டேன். ஆனால் கோயில் படியில் வந்து உட்கார்ந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோறு ஏற்றுகிறது, ஜவ்வரிசியும் ஏற்றுகிறது, முட்டைக்கு உத்தரவு இல்லை. அப்படியானால் நான் பிழைக்கக் கூடாது என்றா சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சன்னதியில் உட்கார்ந்து அப்படி நினைத்த பாவத்தை அவள்தான் பொறுக்க வேண்டும்.

என் கூட வந்திருந்த நங்கை, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "முட்டைக்குத்தான உத்தரவு கேட்ட? வேண்டாம்னுட்டா, சரி. ஜவ்வரிசியத் திங்கச் சொல்லி அவ எப்பச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தது. ஊரில் எல்லாரும் செய்வதால் செய்தது.

"கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க? கொள்ளு என்ன கவுச்சியா?" என்று சேலையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

அன்று முதல் விரத நாளில் அவித்த கொள்ளு ஒரு கிண்ணம், கீரை, உப்புப் போட்ட மோர். மற்ற நாளில் பாசிப்பயறோ தட்டைப்பயறோ, காய், அதோடு ஒரு டம்ளர் அளவுச் சோறு மட்டும். ஜவ்வரிசிப் பையை நங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பயறு வாங்கும் காசுக்கு வெல்லமும் சர்க்கரையும் நின்றன. சாயந்திரம் வீட்டுக்காரர் வாங்கி வரும் போண்டாப் பொட்டலம் நின்றது. கீரையும் காயும் சந்தை கலைகிற நேரத்தில் போய் வாங்கினேன். வாடினதைத் தண்ணீரில் போட்டு வைத்தால் தெளிந்துவிடும். மூன்று பேருக்கும் அதே சாப்பாடு. எனக்கென்று தனியாகச் சமைக்க வழியில்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள். வீட்டுக்காரர்தான், "நானென்ன வண்டி மாடா, கொள்ளு வெக்கறதுக்கு?" என்று முனகுவார். முனகிக்கொண்டே கொள்ளு ரசத்தை இரண்டாம் தடவை ஊற்றச் சொல்வார்.

முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. சோற்றுப் பானையைப் பார்த்தால் கை தானாகப் போனது. போகும்போதெல்லாம் தாயே என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் குடித்தேன். மண்டலம் முடிந்து, பொங்கல் வைத்து, துணியை அவிழ்த்த மறுநாள் இரண்டு முட்டை அவித்துச் சாப்பிட்டேன். அம்மன் காத்திருக்கச் சொன்னாள், காத்திருந்தேன் என்று மனதுக்கு ஒரு நிம்மதி. இரண்டாம் மாத முடிவில் எண்பத்துமூன்றரை.

மூன்றாம் மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டில் யாரும் இல்லை. அரைக் குடம்தானே என்று இடுப்பில் வைத்தேன். வயிற்றுக்குள் சுரீரென்றது. குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தேன். புடைப்பு உள்ளே போகவில்லை. தொட்டால் இறுக்கமாக இருந்தது. வாந்தி வருமா, வருமா என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு நாள் வாயைக் கட்டியது ஒரு குடத்தில் போய்விட்டதே என்றுதான் அழுகை வந்தது. போன் பண்ணியதும் வீட்டுக்காரர் மில் வண்டியையே எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வழியில் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது, வலி மெல்ல அடங்குவதுபோல இருந்தது. நம்பப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, காலை மடக்கச் சொல்லி, டாக்டரம்மா பொறுமையாக அமுக்கினார். புடைப்பு உள்ளே போய்விட்டது. குடம் தூக்கினதற்கு வாங்கின திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து, எழுந்து எடை பார்க்கச் சொன்னார்.

எண்பது. இரண்டு கிலோ பாக்கி. நான் தராசைவிட்டு இறங்காமலே நின்றேன். இறங்கினால், போய்விட்டு வாங்க என்று சொல்லிவிடுவார் என்று பயம். அவர் சர்க்கரைச் சீட்டு வரும்வரை காத்திருந்து, இரண்டு தடவை படித்தார்.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. எடை பத்தாதுதான். ஆனா இனிமே உங்களைக் காக்க வைக்கிறது ஆபத்து" என்று தேதி எழுதினார். பத்து நாள் இருந்தது. அதுவரை இதே சாப்பாட்டை மாற்றாதீர்கள் என்றார். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து சோறு, பலகாரம், எதுவும் வாயில் படக் கூடாது, முடியுமா என்று கேட்டார்.

விரதமெல்லாம் எனக்குப் பழக்கம்தானுங்க என்று வாய்வரை வந்தது. தட்டு நிறைய ஜவ்வரிசியோடு நான் இருந்த விரதத்தை நினைத்துப் பார்த்தேன். "இருந்துக்கறனுங்க" என்று மட்டும் சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.