அல்பிரட்டுக்குத் தெரியாத ஒருத்தி

எழிலரசியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அடுத்த முறை ஞாபகம் இருக்காது. நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் அவள் குடியிருந்த டவுன்ஹோம் வரிசையில், பக்கத்து வீட்டுக்காரியே அவளிடம் மூன்று தடவை புதிதாக அறிமுகம் செய்துகொண்டிருக்கிறாள். கூட வேலை பார்த்த மணியனுக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

"நீ உக்காந்திருந்தா டேபிள்ல ஒரு ஆள் இருக்குன்னே யாருக்கும் தோணாது, எழில். இத நான் காம்ப்ளிமெண்ட்டாத்தான் சொல்றேன்" என்றான்.

இருவரும் ஒரு மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் வேலை பார்த்தவர்கள். ஒரே வாரத்தில் இருவருக்கும் வேலை போனது. அதன் பிறகுதான் மணியன் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பிளாக்ஜாக் மேசையில் சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால், மிச்சமிருக்கும் சீட்டுக்கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம். அப்போது ஆடுகிறவனுக்குச் சாதகம். மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தால் அந்த நேரம் தெரிந்துவிடும். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் ஒரே ஆள் சின்னதாக ஆடிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று பெரிதாகப் பந்தயம் வைத்தால் கசினோக்காரர்கள் சந்தேகப்பட்டு சீட்டைக் கலைத்துவிடுவார்கள். அதனால் டீம். எண்ணுவது ஒருத்தர், பணம் வைப்பது இன்னொருத்தர். எல்லோர் சேமிப்பும் ஒரே பையில். வந்தாலும் போனாலும் எல்லோருக்கும்.

பணம் வைக்க வந்தவர் அல்பிரட். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஊரான எடிசனில் பிரிண்டிங் கடை வைத்திருந்தார். மேசையில் அவருடைய வேஷம், குடித்துவிட்டுக் காசை இறைக்கும் பணக்காரர். கையில் கிளாசோடு தள்ளாடி வருவார், சீட்டுப் போடும் டீலரைக் கட்டிப்பிடிக்காத குறையாகச் சிரிப்பார். கிளாசில் இருப்பது ஜிஞ்சர் ஏல், வெறும் இஞ்சி சோடா. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

எழிலரசி குறைந்தபட்சப் பந்தயம் வைத்து எண்ணிக்கொண்டிருப்பாள். நேரம் கூடி வந்தால் காதுத் தோட்டைத் தொடுவாள். அல்பிரட் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், தனக்குத்தானே புலம்புவதுபோல் ஒரு காய்கறியின் பெயரைச் சொல்வாள். வெண்டைக்காய் என்றால் சுமார். முருங்கைக்காய் என்றால் நல்லது. பூசணிக்காய் என்றால் கையில் இருப்பதை வைக்கலாம். நியூ ஜெர்சியில் எந்த டீலருக்கும் அது புரியவில்லை.

மணியன் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று. "கதவுக்கு உள்ள யாருக்கும் யாரையும் தெரியாது. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது."

வெளியே வந்ததும் எல்லாம் மாறிவிடும். திரும்பும் வழியில் அல்பிரட் தன் மனைவி தவமலர் கொடுத்தனுப்பிய மீன் கட்லட்டை எடுத்து நீட்டுவார். "தங்கச்சி, சாப்பிடுங்கோ. உங்கட மூளைக்கு எண்ணெய் ஊத்த வேணும்" என்பார். அண்ணன் இல்லாமல் வளர்ந்தவள் எழிலரசி. அந்தச் சொல்லைக் கேட்கவே அவள் போனாள் என்றுகூடச் சொல்லலாம்.

அது ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, மதியம். அப்படியொரு எண்ணிக்கையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தோட்டைத் தொட்டாள். அல்பிரட் தள்ளாடி வந்து உட்கார்ந்தார்.

"பூசணிக்காய்" என்றாள்.

வழக்கமாக அவர் பதில் சொல்லமாட்டார். அன்று, "பூசணி... பூச... ணி..." என்று திருப்பிச் சொன்னார். நாக்கு குழறியது. டீலர் சிரித்தாள். எழிலரசிக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இன்றைக்கு என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்தாள். அவர் இடது கையால் பந்தயச் சிப்ஸ் வில்லைகளை மொத்தமாகத் தள்ளினார். வலது கை மடியில் கிடந்தது.

பிறகு அவர் முகத்தைத் திருப்பினார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கியிருந்தது.

அந்த மேசையில் இருந்தவர்களுக்கு அவர் ஒரு குடிகாரர். அவர் குடிப்பதில்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஸ்லாட் மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்ற மணியனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை அசைத்தான், பொறு என்று. பந்தயம் மேசையில் இருந்தது. அவள் பொறுத்தாள். ஆட்டம் முடிந்தது. ஜெயித்தார்கள். டீலர் தள்ளிய சிப்ஸை, அது என்ன பொருள் என்றே தெரியாதவர்போல் அல்பிரட் பார்த்தார். அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார்.

"ஸ்ட்ரோக்! ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!" என்று எழிலரசி ஆங்கிலத்தில் கத்தினாள். காவலர் ஒருவர் ஓடி வந்து மண்டியிட்டார். நிமிர்ந்து, அவளுக்கு அல்பிரட்டைத் தெரியுமா என்று கேட்டார்.

"நோ" என்றாள்.

தரையில் கிடந்த அல்பிரட்டின் கண்கள் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தனியாகத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மணியன் போன் செய்தான். தவமலருக்குத் தகவல் சொல்லிவிட்டதாகவும், அந்தக் கடைசி ஆட்டத்துச் சிப்ஸை யார் போய் வாங்குவது என்று யோசிப்பதாகவும் சொன்னான். எழிலரசி போனை வைத்துவிட்டாள். வசந்தம் வருவதற்குள் அவன் டெக்சாஸில் காப்பெல் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அந்த நாளை விட்டு அவளால் எங்கும் போகமுடியவில்லை. மளிகைக் கடையில் பில் போடும் பெண், முன்னால் நின்ற கணவனைக் காட்டி, சேர்ந்து வந்தவர்களா என்று சாதாரணமாகக் கேட்பாள். எழிலரசி வரிசையிலிருந்து விலகிவிடுவாள். "என்ன ஆச்சு எழில்?" என்பான் கணவன்.

மறுவாழ்வு மையத்தில் அல்பிரட்டைப் பார்க்கப் போனபோது அவர் ஓரளவு பேசத் தொடங்கியிருந்தார். எழிலரசியைப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டார்: "தவம், ஆர் இவ?"

தவமலர் அவளை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். "இவருக்கு எல்லாரையும் தெரியுது. கனடாவில இருக்கிற சொந்தக்காரற்ற பிள்ளையளின்ர பேர் கூடச் சொல்லுறார்." அறைக் கதவைச் சாத்தினாள். "அண்டைக்குப் பக்கத்தில இருந்தது நீங்கள்தானே? மேசையில தன்ர கண் நீங்கள்தானெண்டு சொல்லுவார்."

"ஆமாக்கா."

"எப்ப விளங்கினது உங்களுக்கு?"

"வாய் கோணினப்ப. ஆனா அதுக்கு முன்னாடியே பேச்சு சரியில்ல. நடிக்கிறார்னு நெனச்சேன்."

"நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றாள் தவமலர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "நினைச்சிருப்பனோ, தெரியேல்லை" என்றாள்.

அதற்குப் பிறகும் வரவேண்டாம் என்று தவமலர் சொல்லவில்லை. அவளுக்குக் கடையையும் பார்க்கவேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அல்பிரட்டை தெரப்பிக்கு அழைத்துப் போகும் பொறுப்பை எழிலரசி எடுத்துக்கொண்டாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். கார் கதவைத் திறந்துவிட்டால், "தாங்ஸ், மிஸ்" என்பார். எந்த ஊர் என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். விழுப்புரம் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள்.

அக்டோபரில் ஒருநாள் திரும்பி வரும்போது, அவர் தானாகவே அட்லாண்டிக் சிட்டியைப் பற்றிப் பேசினார்.

"நாங்கள் மூண்டு பேர் சேர்ந்து ஆடினனாங்கள், மிஸ். எங்களோட ஒரு பொம்பிளை இருந்தவ. சரியான கெட்டிக்காரி. நான் தங்கச்சியெண்டுதான் கூப்பிடுறனான்."

எழிலரசி சிக்னலில் காரை நிறுத்தினாள். "இப்ப அவங்க எங்க அண்ணா?"

"ஆருக்குத் தெரியும்? எனக்குச் சுகமில்லாமப் போன அண்டைக்கு அவ வரேல்லைப் போல." அவர் வெளியே பார்த்தபடி, சமாதானமான குரலில் சொன்னார். "வந்திருந்தா என்னைப் பாத்திருப்பா."

சிக்னல் பச்சையானது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"ஆமாண்ணா" என்றாள் எழிலரசி. "அன்னிக்கு வந்திருக்க மாட்டாங்க."

காரை எடுத்தாள். அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.