மருமகன் குளிக்கும் சத்தம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் பெட்டி படுக்கையோடு புறப்படுவது மாப்பிள்ளைதான். பெண்ணுக்கென்று ஒரு வீடு கட்டி வைத்திருப்பார்கள். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் கூடவே இருப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். கோபம் வந்தால் அவனிடம் இருப்பது ஒரே ஆயுதம்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுவது. பெண்ணைப் பெற்றவர்கள் வேறு எதற்குப் பயப்படாவிட்டாலும் இதற்குப் பயப்படுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்முனையில் நானும் அப்படிக் குடிபோனவன்தான். வீடு புத்தம் புதியது. கிணற்றில் மோட்டர், கூரைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி, குளிப்பறையில் மச்சினன் சவூதியிலிருந்து கொண்டுவந்த பளபளக்கும் பைப். அதற்குத் திருகு கிடையாது, ஒரு கைப்பிடி மட்டும். இந்தப் பக்கம் தள்ளினால் தண்ணீர் கொட்டும். அந்தப் பக்கம் தள்ளினால் சட்டென்று நிற்கும். நின்ற மறுகணம் சுவருக்குள் டொக், டொக், டொக் என்று ஒரு சத்தம் கிளம்பி, நடுவறையைத் தாண்டி, குசினிச் சுவரில் போய் முடியும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்கு வாய் இருந்தது.

பகலில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. என் வில்லங்கம் விடியலில்தான். கணவனும் மனைவியும் கூடியிருந்தால் சுபஹுத் தொழுகைக்கு முன்னர் குளித்தாக வேண்டும், அது மார்க்கக் கடமை. புதுமாப்பிள்ளைக்கு அந்தக் கடமை அடிக்கடி வரும். அந்த நேரத்தில் குசினியில் மாமி அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். நான் பைப்பை மூடியதும் அவர் காதடியில் டொக், டொக், டொக். அன்று காலையில் எனக்கு, புதுமாப்பிள்ளைக்குத் தெம்பூட்டும் முட்டைக் கோப்பி வரும். குளிக்காத நாளில் வெறும் தேநீர்.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. அந்தக் காலத்து மாமிமார் மருமகனுக்கு முன்னால் வரவே கூசுவார்கள். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார், மகள் என்னிடம் சொல்லுவாள். ஆக, எங்கள் இருவருக்கும் இடையில் நேரடியாக நடந்த ஒரே பேச்சுவார்த்தை இந்தச் சத்தமும் முட்டைக் கோப்பியும்தான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மனைவியோ, யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மாமா சவளக்கடைக்கு வயல் பார்க்கப் போயிருந்த ஒரு பகலில், மனைவியைக் குளிப்பறையில் நிறுத்திப் பைப்பைத் திறக்கவும் மூடவும் சொல்லிவிட்டு, சுவரில் காதை வைத்தபடி அடியடியாக நகர்ந்தேன். கடைசியில் விஷயம் பிடிபட்டது. ஓடிவரும் தண்ணீரை முகத்தில் அறைந்ததுபோல நிறுத்தினால் அதற்கும் கோபம் வரத்தானே செய்யும்? அது குழாயை உதைக்கிறது. வீடு கட்டிய மேசன் குழாயை இறுக்கிப் பிடிக்காமல் பூசிவிட்டதால், அது உள்ளே துள்ளித் துள்ளிக் கல்லில் முட்டுகிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் குசினிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி தன் தங்கையோடு கதைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம், எனக்குப் பின்னால், வயலிலிருந்து நேரத்தோடு திரும்பிய மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு தரம் செருமிவிட்டுப் போய்விட்டார்.

மருந்து எளிதுதான். தூங்கிய குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலக் கைப்பிடியை மெதுவாகத் தள்ளி மூடினால் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாளிலிருந்து கள்ளன்போலக் குளித்தேன். முட்டைக் கோப்பி நின்றுபோனது. வெறும் தேநீரை மகாராஜாபோலக் குடித்தேன்.

ஆனால் நாள் போகப் போக வீட்டில் காற்று மாறியது. மாமாவின் முகம் வாடிக் கிடந்தது. சாப்பாட்டில் இறைச்சி கூடியது. நான் கேட்காமலே எனக்கு உடுக்கப் புதுச் சாரன் வந்தது. மாமி மகளைத் தனியே கூப்பிட்டு இரண்டு மூன்று தரம் எதையோ சுற்றிச் சுற்றி விசாரிக்க, அவள் ஒன்றும் விளங்காமல் முழித்திருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, மாமா என்னை விறாந்தையில் இருத்தினார். வேளாண்மையைப் பற்றிக் கொஞ்சம், மழையைப் பற்றிக் கொஞ்சம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மகன், எங்கட பக்கத்தில ஏதும் குறை இருந்தா நேர சொல்லுங்க. பொட்டிய மட்டும் தூக்கிராதீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் ஒட்டுக்கேட்கும் மருமகன். விடியலில் குளிக்காத மருமகன். இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். மருமகனுக்கு மனத்தாங்கல், மகளின் முகம் பார்ப்பதில்லை, இனிப் பெட்டிதான். விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய இடம். ஆனால் மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வரவில்லை.

தண்ணீரின் வேகம், குழாய், மேசன், சவூதிக் கைப்பிடி, அதை நான் இப்போது மெதுவாக மூடுவது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். எதற்காகச் சத்தத்தை நிறுத்தினேன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். மாமாவுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. நாளைக்கே அந்த மேசனைக் கூட்டிவந்து சுவரை உடைத்துக் குழாயை இறுக்கிக் கட்டச் சொல்வதாகத் துள்ளினார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. மகளிடம் அல்ல, முதன்முதலாக என்னிடமே.

"அந்தக் குழாய ஒண்டும் செய்ய வேணாம் மகன். அது சத்தம் போட்டாத்தான், என்ட புள்ள சந்தோசமா இரிக்கிறா எண்டு எனக்கு மனசு ஆறும்."

இத்தனை நாளும் மாமி என்னை எடைபோடுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அஸருக்குப் பாங்கு சொன்னது. எழுந்து குளிப்பறைக்குப் போய், தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒழுச் செய்தேன். முடிந்ததும், வீடு முழுக்கக் கேட்கட்டும் என்று கைப்பிடியை ஓங்கித் தள்ளி மூடினேன்.