ஹினாப்லான் பள்ளிக்கூடத்து மாடி

சாந்தா இரேனேயா நகராட்சியில் பதினேழு கிராமங்கள். எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு, எத்தனை கைப்பம்பு, எத்தனை எருமை என்று கேட்டால், லியோனிலா கபலோனா வாயில் இருக்கும் சோற்றை விழுங்குவதற்குள் சொல்லிவிடுவாள். திட்ட அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். வருடா வருடம் ஊர் விவரப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து மாகாணத் தலைநகருக்கு அனுப்புவது அவள் வேலை. மேயர்கள் வந்தார்கள், தோற்றார்கள், பிறகு அவர்களுடைய பெண்டாட்டிமார் மேயராக வந்தார்கள். புத்தகம் மட்டும் கை மாறவில்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பதினேழு ஊரைக் கட்டி மேய்க்கிறேனே, போதாதா?" என்பாள்.

மேய்த்தது என்னவோ நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். கிராமத் தலைவர்களைக் கப்பித்தான் என்போம். அவர்கள் இலையில் சுற்றிய சூமான் பலகாரத்தோடு வந்து ஒரு தாளை நீட்டுவார்கள். தாளில் இருப்பது புத்தகத்தில் ஏறும். அதிலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு புத்தி உண்டு. அடிக்கல் நாட்டி, பாதிரியார் தீர்த்தம் தெளித்து, பன்றியைச் சுட்டுச் சாப்பிட்டு முடித்தால் போதும், கட்டடம் எழும்பிவிட்டது என்றே பேசுவோம். ஒன்பது வருடத்துக்கு முன் ஹினாப்லான் கப்பித்தான் கிறிஸ்புலோ, லியோனிலாவின் தங்கை புருஷன், அப்படித்தான் ஒரு தாளோடு வந்தான்.

"மனா, நம்ம பள்ளிக்கூடத்துக்கு மாடி வந்தாச்சு. புயலுக்கு முன்னூத்து நாப்பது பேர் தங்கலாம்னு எழுதிக்கோங்க" என்றான். மனா என்றால் அக்கா முறை. தங்கை புருஷன் அக்கா என்று கூப்பிட்டுக் கொடுத்த தாளை யார் சந்தேகப்படுவார்கள்? எழுதினாள். அடுத்த எட்டு வருடமும் அதையே பார்த்து எழுதினாள்.

இந்த நவம்பரில் நான்காம் எண் புயல் எச்சரிக்கை வந்தது. பொழுது சாயக் கடல் கரையேறும் என்றார்கள். காலையில் நகராட்சி மண்டபத்தில் கூட்டம். மேயரம்மா லியோனிலாவின் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "ஹினாப்லான் சனங்க?" என்று கேட்டார்.

"எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி விடிகாலையிலயே ரேடியோவுல சொல்லியாச்சு. கான்கிரீட்டு மாடி, தண்ணி எட்டாது. மனா லியோனிலா புத்தகத்துல இருக்கு" என்றார் மீட்புப் படைக்காரர்.

வாசலில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் செல்சோ நின்று திரும்பினான். "எந்த மாடி? அங்க படிக்கட்டு மட்டும்தானே இருக்கு. ஏறினா வானம்தான்."

லியோனிலா கிறிஸ்புலோவுக்குப் போன் போட்டாள். முன்னூற்று நாற்பது பேர். அதில் தங்கை பெலினா ஒருத்தி. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செல்சோவின் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

போய்ப் பார்த்தால் ஊரே பள்ளிக்கூடத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட நாலு அறைகளிலும் பாயும் பானையும் பிள்ளைகளும். பக்கவாட்டில் ஒரு சிமெண்டுப் படிக்கட்டு. அதன் உச்சியில் துருப்பிடித்த கம்பிகள் ஆகாயத்தைப் பார்த்து நின்றன. கடல் இருநூறு அடி தள்ளி.

"மாடி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே, இங்க ஏன் வந்தீங்க?" லியோனிலாவின் குரல் கீச்சென்று போயிற்று.

"ரேடியோவுல வரச் சொன்னாங்களே மனா" என்றாள் பெலினா. "ஆபீஸ்ல அளந்துதானே சொல்லியிருப்பாங்க, இங்க தண்ணி வராதுன்னு."

அட கடவுளே. ஆபீஸ் மாடியை நம்பியது, சனங்கள் ஆபீஸை நம்பினார்கள். நடுவில் இவள் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது.

"யாரும் அளக்கல" என்றாள். "மாடி இருக்குன்னு நான் எழுதினேன். ஒன்பது வருஷமா வந்து பாக்காமலே எழுதினேன். நான் எழுதினது பொய். எழுந்திருங்க, குன்று மேல தேவாலயத்துக்குப் போகணும்."

"மனா, மானத்தை வாங்காதீங்க" என்று கூட்டத்தில் நின்ற கிறிஸ்புலோ பல்லைக் கடித்தான். "அந்தக் கோயிலுக்குப் பாதிக் கூரை கிடையாது."

"நனைஞ்சா துவட்டிக்கலாம்டா. நட, நீ முதல்ல நட."

நடந்தார்கள். பாஸ்தோர் என்ற கிழவர் மட்டும் தன் சண்டைச் சேவலை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். லியோனிலா கையைப் பிடித்து இழுத்தாள். செல்சோ தூக்கப் பார்த்தான், கிழவர் உதைத்தார்.

"நீ பாக்கலைன்னா வேற ஒருத்தர் பாத்திருப்பாங்க பிள்ளே. ஆபீஸ்னா சும்மாவா?" என்றார்.

கடல் தகரக் கூரையைத் தாண்டிப் போயிற்று. குன்றின் மேல் விடிய விடிய நனைந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். பாஸ்தோர் மூன்றாம் நாள் அலையாத்திக் காட்டில் கிடைத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கிறிஸ்புலோ அலுவலகத்துக்கு வந்தான். இந்தத் தடவை சேத அறிக்கைப் படிவம். பூர்த்தி செய்தே கொண்டுவந்திருந்தான். அவளுடைய கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "பள்ளி மேல்மாடி: புயலில் முழுவதும் அழிந்தது. உயிரிழப்பு: ஒன்று, மாடி இடிந்ததில்."

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"யோசிச்சுப் பாருங்க மனா" என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். "மாடி இருந்துச்சு, புயல் கொண்டுபோச்சு. உங்க புத்தகமும் சரின்னு ஆயிடும். கிழவரைக் கொன்னது புயல்னு ஆயிடும். இல்லைன்னா யாருன்னு கேப்பாங்க?"

அவன் சொன்னது உண்மைதான், அதுதான் பயங்கரம். ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் தப்பித்துக்கொள்ளலாம். பேனாவை எடுத்தாள். ஒரு கணம், இதை மறைத்து என்ன பயன், அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அவன் எழுதியதைக் குறுக்கே அடித்தாள். "மேல்மாடி கட்டப்படவே இல்லை. பார்க்காமல் எழுதியது நான். பாஸ்தோர் அதை நம்பி இறந்தார்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"வேலை போயிடும்" என்றான் கிறிஸ்புலோ.

"போகட்டும். வெளிய போ."

அவன் போன பிறகு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். மற்ற பதினாறு கிராமங்களிலும் புயலுக்கு ஒதுங்க ஊருக்கொரு கட்டடம், எல்லாம் கான்கிரீட், எல்லாம் அவள் தட்டியது. இதில் தன் கண்ணால் பார்த்தவை எத்தனை என்று விரலை மடக்கி எண்ணினாள். நாலு விரல்தான் மடங்கியது.