எல்லோரும் என் புருவத்தைப் பார்த்தார்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவன் கையில் கட்டோடு தெருவில் வந்தால் யாரும் கட்டைப் பார்க்க மாட்டார்கள். முதலில் புருவத்தைப் பார்ப்பார்கள். புருவம் கருகியிருந்தால் வெடி. புருவம் இருந்து, "வண்டியில விழுந்துட்டேன்" என்று அவன் சொன்னால் அதுவும் வெடிதான். ஏனென்றால் வீட்டில் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்து கையைச் சுட்டுக்கொண்ட எவனும் அதைத்தான் சொல்வான்.

நான் வண்டியில் விழவில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஒரு வருடம் அது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். லாரியில் லோடு ஏற்றும்போது மேலடுக்கிலிருந்து ஒரு பெட்டி சரிந்தது. கீழே பெண்கள் நின்றார்கள். பாய்ந்துபோய் வலது கையால் தாங்கினேன். தோளுக்குள் சடக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அதற்குமேல் சட்டைப் பொத்தான் போடக்கூட அந்தக் கை ஏறவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒடையல. சீசன் நேரம் பாத்துத்தான் ஒமக்கு நோவு வருது, என்ன?" என்றார். நடிக்கிறேனாம்! அந்த எரிச்சலில்தான் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பைப் பிடிச்சிருக்கிற தசைநார் கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணித் தைக்கணும்" என்றார். எனக்குப் படத்தில் எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. கிழிந்ததாம், தைக்கணுமாம். அதென்ன வேட்டியா? இவருக்கு இந்த மாதம் ஆபரேஷனுக்கு ஆள் குறைச்சல் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ராத்தூக்கம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன். மயக்கம் தெளிந்து பார்த்தால் தோளில் மூன்று சின்ன ஓட்டைகள், அதன்மேல் துண்டு துண்டாக பிளாஸ்திரி.

"இம்புட்டு ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு இதானா? உள்ள தச்சாங்களா, சும்மா ஓட்டையப் போட்டு மூடிட்டாங்களா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டுப் படுங்க. டாக்டர் காதுல விழுந்தா என்ன நெனப்பாரு? ஒங்களுக்கு யாரத்தான் நம்பத் தெரியும்?" என்றாள்.

கையை ஒரு பையில் தொங்கவிட்டு, அக்குளுக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு சிறிய தலையணையையும் கட்டி அனுப்பினார்கள். ஆறு வாரம் கையைத் தானாக அசைக்கவே கூடாது என்றார்கள். ஆபரேஷனுக்காகத் தோள், மார்பு, மேல்கை என்று முடியைச் சிரைத்து, செம்மண் நிறத்தில் ஏதோ மருந்தை வேறு அப்பியிருந்தார்கள். அந்தக் கோலத்தோடு ஊருக்குள் இறங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். என் புருவத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். "முடியெல்லாம் பொசுங்கிப் போச்சே அண்ணே" என்றாள்.

"பொசுங்கல தாயி, ஆபரேஷனுக்குச் சிரைச்சாங்க."

"ஆமா ஆமா, சிரைச்சிருப்பாக" என்றாள். அவள் சொன்ன தினுசிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி சரிந்து தோள் கிழிந்தது என்ற உண்மையை நான் சொல்லச் சொல்ல, ஊருக்கு அது வண்டியில் விழுந்த கதையைவிட மோசமான பொய்யாகத் தெரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

எனக்கு ஊர்ப் பேச்சு பெரிதில்லை. அது கம்பெனிக்குப் போய்விடும் என்பதுதான் பயம். நான் நடிக்கிறேன் என்று ஏற்கெனவே நினைத்த மேனேஜர், லீவு போட்டுவிட்டு வீட்டில் வெடி செய்தேன் என்பதையும் நம்பிவிடுவார். வீட்டில் பட்டாசு செய்கிற போர்மேனை எவன் வைத்துக்கொள்வான்? கம்பெனி லைசென்ஸுக்கே ஆபத்து. என்னை அனுப்பினால் வேறு கம்பெனியும் சேர்க்காது. இந்தக் கையை வைத்துக்கொண்டு மூட்டை தூக்கவும் முடியாது. கதை முடிந்தது.

ஆகவே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். யார் நின்று பேசுகிறார்கள், யார் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள், எல்லாவற்றையும் பார்த்தேன். என் மைத்துனன், மனைவியின் தம்பி, அடிக்கடி வந்தான். இளநீர் கொண்டு வருவான். என் முகத்தைப் பார்க்காமல் நேராக அக்காளிடம் போய்விடுவான். அவனும் பட்டாசு வேலைதான். இவன்தான் என் இடத்துக்கு அடிபோடுகிறான், இவன்தான் கம்பெனியில் போட்டுக் கொடுத்திருப்பான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் அவனிடமே, "ஏலே, எங்க மேனேஜர அடிக்கடி பாக்கியோ?" என்று கேட்டேன். பயல் வெலவெலத்துப் போனான். அகப்பட்டாயா என்று நினைத்தேன்.

பையைக் கழற்றியபின் விருதுநகரில் ஒரு இடத்துக்குத் தோள் பயிற்சிக்குப் போனேன். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மெல்ல மெல்ல மேலேற்ற வேண்டும். கொஞ்சம் ஏறியதுமே உயிர் போகும். அங்கிருந்த பெண், "நல்லா முன்னேறியிருக்கீங்க" என்று தினமும் சொன்னாள். எல்லாரிடமும் அதையே சொன்னாள். அதையும் நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். அவரும் புருவத்தைத்தான் பார்த்தார். காப்பி குடித்தார். பிறகு, "கை கழுவணும், தண்ணி எங்கன இருக்கு?" என்று எழுந்தார். கை கழுவ என்ன இருக்கிறது? காப்பிதானே குடித்தார்! மோப்பம் பிடிக்க வந்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், விறகுக் கொட்டகையின் தாழ்ப்பாளை இடது கையால் இழுத்துத் திறந்தேன்.

"நல்லாப் பாருங்க சார். மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்?"

உள்ளே விறகு, ஓட்டை வாளி, கோழிக் கூடை. அவர் குனிந்து மூலையெல்லாம் பார்த்தார். முகம் இறங்கிவிட்டது. "தப்பா எடுத்துக்கிடாதீக. நாலு பேரு சொன்னா பாக்கணும்ல? கை சரியானதும் வந்துருங்க, ஒங்க வேலை ஒங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டேன்.

உள்ளே வந்தால் மனைவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். "இருக்கன்குடி மாரியாத்தா காப்பாத்திட்டா" என்றாள்.

"அவ எதுக்குக் காப்பாத்தணும்? நாம என்ன தப்புச் செஞ்சோம்?"

"நேத்துத்தான் தம்பி எடுத்துட்டுப் போனான்."

"எத?"

"சரத்த."

மருந்து அடைத்த வெடிகளைச் சாக்கில் கொண்டுவந்து போடுவார்கள். அதைத் திரியோடு திரி சேர்த்துச் சரமாகப் பின்னிக் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துச் செய்யவே கூடாத வேலை. ஒரு உரசல் போதும். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று, கம்பெனிக்குத் தலையில் ஊசி குத்தி வந்த பெண்ணைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். என் வீட்டில், அடுப்பெரிக்கும் விறகுக்குப் பக்கத்தில், தம்பி கொண்டுவந்து போட்டதை, நான் விருதுநகர் பஸ் ஏறியதும் இவள் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் அழவில்லை.

"ஒங்க சம்பளம் நின்னு போச்சு. ஒங்க கை ஏறுமா ஏறாதான்னு எனக்கு யாரு சொன்னா? ஊரு ஒங்களச் சந்தேகப்பட்டுச்சு. நீங்க ஊரையே சந்தேகப்பட்டீக. இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன்னு யாரு பாத்தீக?"

இனிமேல் தொட மாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். டாக்டரையே நம்பாத ஆள் நான், இதை எப்படி நம்புவேன்? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தீபாவளிக்கு முன்பாகவே வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் முற்பகலில் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து பெரிய சத்தம் கேட்டது. தூரத்தில் புகை எழுந்தது. எந்தக் கம்பெனி என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, நான் வண்டியை எடுத்துவிட்டேன். தோள் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. சாலையெல்லாம் ஜனம் ஓடியது. ஒருவரிடமும் நின்று கேட்கத் தைரியமில்லை.

தெரு முனையில் தண்ணீர்க் குழாயடியில் இடுப்பில் குடத்தோடு அவள் நின்றாள். ஊரே புகையைப் பார்க்க, அவள் என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் இங்கனதான் இருக்கேன், போங்க" என்றாள்.

வண்டியைத் திருப்பினேன். பாதி வழியில்தான் தோள் வலித்தது.