பதினோரு மாதம் மறைந்திருந்த பதில்

முந்தின வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காணையில் ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். மத்து கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன். வலது கை வரவில்லை. காலும் வரவில்லை. சரிந்தவளைத் தாங்கிப் பிடித்தது எஸ்தர்.

என் பெயர் ரெபேக்காள். வயது நாற்பத்தொன்று. நான் சமையலர், எஸ்தர் எனக்கு உதவியாளர். ஒரே சபை, அடுத்த தெரு. பதினாறு வருடப் பழக்கம். என் கூடப் பிறந்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். பக்கவாதம். அங்கே என் உயிரைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பிய அன்று என் கணவர் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டவள் எஸ்தர். எனக்குப் பேச்சு குழறியது, எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்த சீட்டைப் படித்ததும் அவள்தான். பன்னிரண்டாவது வரை படித்தவள். நானும் கணவரும் ஐந்தாவதைத் தாண்டவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

"இதுக்கு மேல செய்றதுக்கு ஒண்ணும் இல்லியாம்க்கா. மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாதாம். வூட்லயே வச்சுப் பாத்துக்கச் சொல்லி எழுதிக்கிறாங்க."

நம்பினோம்.

பதினோரு மாதம் படுக்கை. கணவர் வயல் வேலைக்குப் போகுமுன் என்னைக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் சமையல் பொறுப்பு எஸ்தரிடம் போனது. மாத்திரையை அவளே மாதம் தவறாமல் வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் என் தலையில் கை வைத்து ஜெபித்தாள். எனக்கு இருந்தது ஒரே ஜெபம். ஆண்டவரே, என்னைத் தூக்கி நிறுத்தும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும்.

தை மாதம், திண்டிவனத்தில் இருக்கும் என் நாத்தனார், மாற்றுத்திறனாளி அட்டைக்கு அங்கே முகாம் நடப்பதாகச் சொல்லி அனுப்பினார். கணவர் என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். இனி எழமாட்டேன் என்று எழுதி வாங்கத்தான் போனேன்.

அங்கே பரிசோதித்த டாக்டரம்மா மறுவாழ்வு மருத்துவர். விழுந்த கைகாலைப் பழக்கி நடமாட வைப்பதற்கென்றே ஒரு மருத்துவம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துல மறுவாழ்வுப் பிரிவுக்கு வரணும்னு எழுதியிருக்காங்களே. ஏம்மா வரல?"

அப்படி இல்லை, ஒன்றும் செய்வதற்கில்லை என்றுதானே எழுதியிருக்கிறது என்றார் என் கணவர். டாக்டரம்மா சீட்டின் அடியில் இருந்த இரண்டு வரியை விரல் வைத்துத் தமிழில் சொன்னார்.

எஸ்தர் தப்பாகப் படித்திருப்பாள் என்று பஸ்ஸில் கணவரிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அவள் வந்ததும் கேட்டேன். கையிலிருந்த பைபிளைக் கட்டிலில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நீ எழுந்து வந்துட்டா நான் மறுபடியும் பாத்திரம் கழுவத்தான போவணும்க்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வெள்ளிக்கிழமையும் அவள் எனக்குப் பொறுமை தரச் சொல்லித்தான் ஜெபித்திருக்கிறாள். நான் எழ வேண்டும் என்று ஒருமுறைகூட ஜெபிக்கவில்லை.

டாக்டரம்மா என்னிடம் மறைக்கவில்லை. முதல் மாதங்கள்தான் முக்கியம், அவை போய்விட்டன, கை முழுதாகத் திரும்பாது, ஆனால் நடக்க வைக்கலாம் என்றார். வாரம் இரண்டு நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவுக்குப் போனோம். காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முதலில் நான்கு எட்டு வைத்தேன். ஆடி மாதம் தடியூன்றி என் வீட்டு வாசலைத் தாண்டினேன். கணவர் குழந்தைபோல் அழுதார். ஆண்டவருக்கு நன்றி. நான் கேட்ட முதல் வாரங்களிலேயே அவர் பதில் தந்திருந்தார். அதை மறைத்தது மனிதக் கை.

எஸ்தர் இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சமைக்கிறாள். வழியில் கண்டால் தலை குனிகிறாள். மன்னித்துவிட்டேன் என்று இந்தச் சாட்சியில் சொல்ல வேண்டும். பொய் சொல்ல மனமில்லை. என்னால் இன்னும் முடியவில்லை. என் காலை எழுப்பியவர் இந்த மனதையும் இளக்குவார் என்று காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால் நம்பிக்கையை விடாதீர்கள். ஜெபியுங்கள். சீட்டை இரண்டு பேரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். மறுவாழ்வு மருத்துவரைத் தேடிப் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். மெதுவாகத்தான் நடப்பேன்.